சர்க்கரைக்கு மூலிகையும் சத்து மாத்திரையும்: அளந்து எடுக்க, அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்று ‘சுகருக்கு ஏதாவது கொடுங்க’ என்றால் போதும். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் பொடி, நாவல்கொட்டைப் பொடி, வெந்தயப் பொடி என நான்கும் ஒரே பையில் கைக்கு வந்துவிடும். காலை நடைக்குப் போனால் பூங்கா வாசலில் பாகற்காய்ச் சாறு. மருந்துக் கடைக்குப் போனால் குரோமியம் கலந்த கேப்சூல். இவற்றில் சிலவற்றுக்கு உண்மையாகவே சுகரைக் கொஞ்சம் இறக்கும் குணம் உண்டு. ஆனால் எத்தனை கிராம், எத்தனை வாரம், எந்த மாத்திரையோடு சேரக் கூடாது என்ற மூன்றையும் விற்பவர் சொல்வதில்லை; வாங்குபவரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி அந்த மூன்றுக்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இங்கே வரும் எந்தப் பொருளும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்று அல்ல. அவற்றின் மேல் சேர்ப்பது மட்டுமே. டைப் 1 சர்க்கரை உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே, சில சமயம் ஓரிரு நாளிலேயே, ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எந்த மூலிகையும் அதைத் தடுக்காது. மொட்டை மாடித் தொட்டிகளில் வளரும் ‘இன்சுலின் செடி’க்கு அந்தப் பெயர் வழக்கில் வந்ததுதான், அதன் இலையில் இன்சுலின் கிடையாது.

முதல் படி: உங்கள் மாத்திரை எந்த வகை என்று பாருங்கள்

மாத்திரை அட்டையைத் திருப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, நீங்கள் ‘லோ சுகர்’ வரக்கூடிய பிரிவு. இந்த மருந்துகள், சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் சுகரை இறக்கும். அதோடு சிறுகுறிஞ்சானும் பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் இரண்டு பேர் ஒரே பக்கம் இழுப்பது போலாகிவிடும். மெட்ஃபார்மின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை தனியாக இருக்கும்போது லோ சுகர் அரிது. ஆனால் நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருப்பது சகஜம். ‘நான் ஒரே ஒரு மாத்திரைதான் போடுறேன்’ என்பவரின் மாத்திரைக்குள் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் இருக்கலாம்.

அடுத்து, கையில் நாலு ரிப்போர்ட் இருக்க வேண்டும்: மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஈரலுக்கான எஸ்ஜிபிடி, சிறுநீரில் அல்புமின். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவர்கள் இவற்றில் எவை அங்கேயே எடுக்கப்படும் என்று கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், வரும் பணியாளரிடம் என்ன மூலிகை சாப்பிடப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

எஸ்ஜிபிடியையும் கிரியேட்டினினையும் தொடங்கும் முன்பே எடுக்கக் காரணம் இருக்கிறது. முன்பே எடுக்காமல் விட்டு, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கும்போது ஈரல் எண் ஏறியிருந்தால், அது பொடியால் ஏறியதா, ஏற்கனவே இருந்த கொழுப்பு ஈரலால் வந்ததா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகம் அல்லது ஈரல் பாதித்தவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் தாமாக எதையும் தொடங்கவே கூடாது. தனியாக வசிக்கும் வயதானவருக்கு ஒருமுறை லோ சுகர் வந்திருந்தால் அவரும் இந்தப் பட்டியலில்தான்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நாலு பொடியைக் கலந்து சாப்பிட்டால், சுகர் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது. அரிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது. ஒன்றைத் தொடங்கி 12 வாரம் பாருங்கள்.

*வெந்தயம்.* முதலில் எதை என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதன் வழுவழுப்பான கரையும் நார் வயிற்றில் கூழாகி, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்தது. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 140 பேரை வைத்து இந்தியாவில் 3 ஆண்டு நடந்த ஓர் ஆய்வில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 10 கிராம், 5 கிராமாக இரு வேளை. சர்க்கரை வந்தவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் வெறும் வயிற்றுச் சுகர் சராசரியாக 17 புள்ளி குறைந்தது. ஆய்வுகள் சிறியவை என்பதால் அந்த எண்ணை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெரும்பாலோர் செய்யும் தவறு இதன் தயாரிப்பில்தான். இரவு ஒரு டம்ளரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுகிறார்கள். நாரின் பெரும்பகுதி விதையில்தான் இருக்கிறது. விதையை மெல்லாமல் மாத்திரை போல விழுங்குவதும் வீண்; பாதி அப்படியே வெளியே போய்விடும். ஊறிய விதையை நன்றாக மென்று சாப்பிட வேண்டும், அல்லது லேசாகச் சூடுகாட்டி மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கருகும் வரை வறுக்காதீர்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமார் 4 கிராம்.

முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பு அரை டீஸ்பூன் பொடி, மோரில். இரண்டாம் வாரம் ஒரு டீஸ்பூன். மூன்றாம் வாரத்திலிருந்து மதியமும் இரவும் ஒவ்வொரு டீஸ்பூன். முதல் நாளே இரண்டு டீஸ்பூன் போட்டால் வயிறு உப்பி, பேதியாகி, ‘எனக்கு வெந்தயம் ஒத்துக்காது’ என்று விட்டுவிடுவீர்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு வாசனை வருவது இயல்பு. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். தைராய்டு மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் 4 மணி நேர இடைவெளி, மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரமாவது வேண்டும். அந்தக் கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இட்லி மாவில் போடும் வெந்தயம் இந்தக் கணக்கில் வராது. ஒரு இட்லிக்குக் கிடைப்பது சிட்டிகை அளவுதான். வெந்தயக் களியில் வெந்தயம் நிறைய இருந்தாலும் அரிசியும் கருப்பட்டியும் சேர்ந்து கிடைக்கும் நன்மையைத் தின்றுவிடும்.

*இசப்கோல்.* மலச்சிக்கலுக்கு வாங்கும் அதே உமிதான். வெந்தயத்தின் கசப்பு பிடிக்காதவர்களுக்கும் கெட்ட கொழுப்பும் சேர்ந்து கூடுதலாக உள்ளவர்களுக்கும் இது நல்ல தேர்வு. ஒரு வேளைக்கு 5 கிராம், சாப்பாட்டுக்கு முன் இரு வேளை, ஒவ்வொரு முறையும் முழு டம்ளர், அதாவது 250 மி.லி. தண்ணீரில். கலக்கியதும் குடித்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் கெட்டியாகிவிடும். குறைந்த தண்ணீரில் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். ஆரஞ்சு மணம் சேர்த்த பாக்கெட்டுகள் சிலவற்றில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒன்றும் சேர்க்காத வெறும் உமியைக் கேட்டு வாங்குங்கள்.

*சிறுகுறிஞ்சான்.* சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இலையிலிருந்து எடுத்த சாரத்தை நாளுக்கு 400 மி.கி. வீதம் டைப் 2 சர்க்கரையுள்ள 22 பேருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்தார்கள். சுகர் குறைந்தது, பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வு அல்ல அது. அந்தக் குறை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

பொடி நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கால் டீஸ்பூன் பொடியை நாக்கில் பரப்பி ஒரு நிமிடம் வைத்துத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, சில துகள் சர்க்கரையை நாக்கில் வையுங்கள். மணலைப் போல ருசியில்லாமல் இருந்தால் பொடியில் சத்து இருக்கிறது. இனித்தால் அது பழைய பொடி, அல்லது வேறு குறிஞ்சான். இலைப் பொடி என்றால் ஒரு வேளைக்கு 1 கிராம், இரு வேளை என்று தொடங்கி, ஒரு வேளைக்கு 2 கிராமில் நிறுத்திக்கொள்ளுங்கள். சாரம் அடைத்த கேப்சூல் என்றால் 200 மி.கி. இரு வேளை. இரண்டும் ஒன்றல்ல, சாரம் பல மடங்கு வீரியம். கிளிமிபிரைடு எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அரிதாக ஈரல் வீங்கியதாகவும் பதிவு உண்டு.

*ஆவாரை.* ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நம்பிக்கை இது. விலங்குகளில் நடந்த சோதனைகள் நிறைய. மனிதர்களில் நடந்தவை மிகக் குறைவு. சித்த மருத்துவத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம், கோரைக்கிழங்கு, கோஷ்டம் போன்றவை சேர்ந்த ஆவாரைக் குடிநீர் சர்க்கரைக்கென்றே இருக்கிறது. குடிநீர்ச் சூரணம் 10 கிராமை 240 மி.லி. தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 60 மி.லி. ஆகும் வரை வற்றவைத்து வடிகட்டிக் குடிப்பது வழக்கமான முறை. மூடாமல் காய்ச்சுங்கள், எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் போதும். காலையில் காய்ச்சியதை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தேனோ பனங்கற்கண்டோ சேர்த்தால் காய்ச்சியதற்கே அர்த்தமில்லை.

கடையில் ஒரு குழப்பம் நடக்கும். ‘ஆவாரை இலை’ என்று கேட்டு நிலாவாரை வந்துவிடுவது. சூரத்து ஆவாரை என்பதும் அதுதான். அது பேதிக்கான மூலிகை. தினமும் குடித்தால் பொட்டாசியம் இறங்கி, கால் இழுத்து, நெஞ்சு படபடக்கும். எனவே பூவாகவே கேட்டு, மஞ்சள் நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

*பாகற்காய்.* கறியாகச் செய்து எத்தனை நாள் வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். சாறு வேறு விஷயம். சுகரை இறக்கும் அதன் பலம் மெட்ஃபார்மினைவிடக் குறைவு. வெறும் வயிற்றில் குடிப்பதால் வயிற்றெரிச்சலும், கிளிமிபிரைடு போட்டவருக்கு நடக்கும்போதே மயக்கமும் வரலாம். குடித்தே தீர வேண்டுமென்றால் விதை நீக்கி, 30 மி.லி.க்கு மேல் போகாமல், சிற்றுண்டியோடு. ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் ஜி6பிடி என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் விதையைத் தொடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பூங்கா வாசல்களில் பாகற்காயையும் சுரைக்காயையும் சேர்த்து அரைத்துத் தருகிறார்கள். சுரைக்காய் சில சமயம் கசப்பாகக் காய்க்கும். அந்தக் கசப்பு விஷம். அதன் சாறைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் இந்தியாவில் உண்டு. தனியாகக் குடித்தால் முதல் வாயிலேயே கசந்து துப்பிவிடலாம். பாகற்காயோடு கலந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று தெரியவே தெரியாது. அந்தக் கலவையைக் குடிக்காதீர்கள்.

*பட்டை.* பிரியாணிக்கு வாங்கும் தடித்த, கெட்டியான, ஒற்றைச் சுருளாக இருக்கும் பட்டை கேசியா வகை. மெல்லிய அடுக்குகள் சுருட்டு போலச் சுற்றி, விரலால் நொறுக்க முடிவது இலங்கைப் பட்டை. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மி.கி. ஒரு டீஸ்பூன் கேசியாப் பொடியிலேயே அதைத் தாண்டிவிடலாம். குழம்பில் போடும் அளவு பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் தினம் ஒரு டீஸ்பூன் வெந்நீரில் கலக்கிக் குடிப்பதுதான் பிரச்சினை. சுகரில் கிடைக்கும் பயனோ ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

மற்றவை சுருக்கமாக. கோவைச் செடியின் சாரத்தை நாளுக்கு 1 கிராம் வீதம் 90 நாள் கொடுத்து 2008இல் பெங்களூருவில் நடந்த 60 பேர் ஆய்வில் வெறும் வயிற்றுச் சுகர் 16 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம்தான், ஆனால் அது ஒற்றை ஆய்வு. கருஞ்சீரகம் நாளுக்கு 2 கிராம் வரை. நாவல்கொட்டைக்கு மனிதர்களில் சான்று பலவீனம். நித்தியகல்யாணி இலையையும் பூவையும் மெல்லும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற கடுமையான மருந்து அந்தச் செடியிலிருந்து எடுப்பது, வீட்டில் அளந்து சாப்பிடும் பொருள் அல்ல. ஆடுதீண்டாப்பாளையும் அப்படித்தான், அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். சீந்தில் எடுத்து ஈரல் பாதித்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்; ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஈரலில் ஏற்கனவே கோளாறு இருப்பவர் அந்தச் சர்ச்சை தீரும் வரை விலகியிருப்பதே சரி.

சத்து மாத்திரைகள்

பற்றாக்குறை இல்லாதவருக்கு வைட்டமினோ தாதுவோ சுகரைக் குறைக்கும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிலைப்பாடு. குரோமியத்துக்கும் இது பொருந்தும். பற்றாக்குறை இருந்தால் கதை வேறு. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையும், அதிலும் சைவ உணவுக்காரர்களுக்குக் கூடுதலாக. காலில் எரிச்சல், மதமதப்பு வந்ததும் ‘சுகர் நரம்பைத் தாக்கிடுச்சு’ என்று முடிவு கட்டாமல் பி12 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறைவாக இருந்தால் அது சரிசெய்யக்கூடியது. இந்த முழுப் பட்டியலிலும் தயங்காமல் பரிந்துரைக்கத்தக்க மாத்திரை அது ஒன்றுதான்.

கால் எரிச்சலுக்கு ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் 600 மி.கி. கொடுப்பதுண்டு, சுகரைக் குறைக்க அல்ல. மக்னீசியம், ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் மட்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கும். மஞ்சள் சாரமும் மிளகுச் சாரமும் சேர்ந்த கேப்சூல்களால் ஈரல் பாதித்த பதிவுகள் உண்டு; குழம்பு மஞ்சளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் 500 மி.கி. மூன்று வேளை என்ற அளவில் சுகரை உண்மையாகவே குறைக்கிறது. ஆனால் வேறு பல மருந்துகள் ஈரலில் சிதைவதை அது தடுக்கும். கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சேர்த்து எடுப்பவர் டாக்டரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது.

கையில் சுகரை அளக்கும் சென்சார் ஒட்டியிருப்பவர்கள் வைட்டமின் சி மாத்திரையைக் கவனியுங்கள். சில சென்சார்களில் அது சுகரை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கூட்டினால் விபரீதம்.

மூன்றாம் படி: வாங்கும்போது

‘சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பொருளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி, சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். சட்டத்தை மதிக்காதவர் கலப்படத்தில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்ப வழியில்லை.

சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி நான்கும் லேபிளில் வேண்டும். உணவுச் சத்து வகை என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வேண்டும். தாளில் மடித்துத் தரும் பொடிக்கு இவை எதுவும் இல்லை. உரிமத்தோடு வாங்க சென்னையில் வழி இருக்கிறது: தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால், 1944இல் தொடங்கப்பட்டுத் திருவான்மியூரில் இயங்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம். ஆலோசனையோடு மருந்தும் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை இப்படிப்பட்ட இடத்தில், பதிவுபெற்ற சித்த மருத்துவர் எழுதினால் தவிர எடுக்கக் கூடாது. முறையாகச் செய்யாதவற்றில் ஈயமும் பாதரசமும் தங்கியிருக்கும்.

ஒரு மூலிகை மருந்து மூன்றே நாளில் சுகரை 250இலிருந்து 120க்கு இறக்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகை அப்படி வேலை செய்யாது. உள்ளே ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 2008இல் சிங்கப்பூரில் வேறு காரணத்துக்காக விற்ற மூலிகைப் பொருள்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்து, சர்க்கரை நோயே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் லோ சுகரில் மருத்துவமனைக்குப் போனார்கள். 4 பேர் இறந்தார்கள்.

நான்காம் படி: தொடங்கும் முன் ஒரு வாரம் சும்மா அளந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். எதுவும் புதிதாகச் சேர்க்காமல் 7 நாள், காலை வெறும் வயிற்றிலும் மதியச் சாப்பாட்டின் முதல் வாயிலிருந்து 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மதியச் சாப்பாட்டின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஏழு எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து, வெறும் வயிற்றுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என இரண்டு சராசரிகளை எழுதுங்கள்.

சராசரி எதற்கென்றால், நல்ல குளுக்கோமீட்டருக்கே 15 சதவீதம் வரை பிசக அனுமதி உண்டு. உண்மையில் 150 இருந்தால் அது 128 என்றும் காட்டலாம், 172 என்றும் காட்டலாம். ‘நேத்து 170, ஆவாரம்பூ குடிச்சேன், இன்னைக்கு 135’ என்பதில் ஆவாரம்பூவின் பங்கு பூஜ்யமாகவும் இருக்கலாம். விரலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த கையில் 40, 50 புள்ளி கூடக் காட்டும்.

பிறகு தொடங்குங்கள். முதல் வாரம் பாதி அளவு. டிஜிட்டல் சமையல் தராசில் ஒருமுறை எடை போட்டு, உங்கள் வீட்டு ஸ்பூனில் அது எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லோ சுகர் பிரிவினர் முதல் இரண்டு வாரம் தினமும் இரு வேளை அளக்க வேண்டும், இரவு படுக்கும் முன் இன்னொரு முறையும். மற்றவர்களுக்கு வாரம் மூன்று நாள் போதும். இந்த 12 வாரமும் வேறு எதையும் மாற்றாதீர்கள். அதே வாரம் அரிசியைக் குறைத்து, நடையும் தொடங்கினால் சுகர் நிச்சயம் குறையும். பெயர் மட்டும் பொடிக்குப் போய்விடும். நடையையும் உணவையும் முதலில் சரிசெய்து அது நிலைத்த பிறகு இதற்கு வருவதே நல்ல வரிசை.

ஐந்தாம் படி: சுகர் இறங்கிவிட்டால்

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சு குழறல். அளந்து 70க்குக் கீழே இருந்தால், அளக்க வழியில்லாவிட்டால் அறிகுறியை நம்பியே, 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, இன்னும் 70ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட வேண்டும்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரண சர்க்கரை உடனே கை கொடுக்காது. அது செரித்து உடைவதையே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் பையில் குளுக்கோஸ் பொடிதான் இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு வகையால் இறங்கிய சுகர் ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும் என்பதால், சரியாகிவிட்டது என்று வீட்டில் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. மருத்துவமனையில் நீங்கள் எடுக்கும் பொடியின் பாக்கெட்டையே காட்டுங்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, உடம்பு முழுக்க அரிப்பு, வலது விலாவுக்குக் கீழ் வலி, காலில் புதிதாக வீக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே பொடியை நிறுத்திவிட்டு, எஸ்ஜிபிடியும் கிரியேட்டினினும் எடுங்கள்.

ஆறாம் படி: 12 வாரம் முடிந்ததும்

முதலில் எடுத்த அதே லேபில் எச்பிஏ1சி எடுங்கள். 8.1 இருந்தது 7.9 ஆனால் அது மாற்றமே அல்ல. பரிசோதனையின் இயல்பான ஆட்டம். 0.5 அல்லது அதற்கு மேல் குறைந்து, குளுக்கோமீட்டர் சராசரிகளும் அதே திசையில் இறங்கியிருந்தால்தான் பொருளுக்குப் பயன் இருக்கிறது என்று கொள்ளலாம். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் எண் கூடித் தெரியும். இரும்பு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் தானாகவே இறங்கும். இந்த 12 வாரத்தில் இரும்பு மாத்திரை தொடங்கியிருந்தால் எச்பிஏ1சியை விட்டுவிட்டு குளுக்கோமீட்டர் சராசரியை மட்டும் நம்புங்கள்.

பயன் இல்லையா, நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் மூணு மாசம் பாப்போம்’ என்று இழுக்க வேண்டாம். 12 வாரத்தில் வேலை செய்யாத வெந்தயம் 24 வாரத்திலும் செய்யாது. நிறுத்தி இரண்டு வாரம் கழித்து அடுத்த பொருளை, மறுபடியும் நான்காம் படியிலிருந்து.

பயன் இருக்கிறதா, குறிப்பேட்டையும் இரண்டு எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் பொடி பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையைக் குறைப்பது அவர் வேலை. குறைத்தால் அடுத்த இரண்டு வாரம் தினமும் அளப்பது உங்கள் வேலை. சிறுகுறிஞ்சான், பெர்பெரின் போன்றவற்றைத் தொடர்பவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடியும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். புதிய பாக்கெட் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, முதல் மூன்று நாள் காலையிலும் மதியத்துக்குப் பிறகும் அளந்துவிடுங்கள். அதே கம்பெனி, அதே பொடிதான் என்றாலும் ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் வீரியம் மாறும்.